கண்டியைக் குறை சொல்லக்கூடாது

எங்கள் தெருவில் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் குறை சொல்லலாம். முனிசிபாலிட்டியை, முதலாளியை, மாமியாரை, வராத மழையை என்று எதை வேண்டுமானாலும் வாசலில் நின்று திட்டிக்கொள்ளலாம். கண்டியை மட்டும் திட்டக்கூடாது. ஏனென்றால் என் பக்கத்து வீட்டில் கண்டியம்மா இருந்தார்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடையில் கூப்பிடும்போது மட்டும் அது வெளியே வரும். கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவருக்கே சற்றுக் கழித்துத்தான் உறைக்கும். இலங்கையில் மலைத்தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துச் சனங்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிய எழுபதுகளில் புருஷனோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறி வந்தவர். புருஷன் சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய், வந்த சில வருஷங்களிலேயே காலமாகிவிட்டார். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வந்துகொண்டிருந்தான். நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கண்டியம்மா, நான் கணக்கெழுதிய அச்சாபீசில் காலண்டருக்குத் தகரப்பட்டி அடிக்கிற வேலையில் இருந்தார். வீட்டிலும் பக்கம், வேலையிலும் பக்கம். கண்டிப் புராணத்தை என்னைவிட அதிகம் கேட்டவர் இந்த ஊரில் இருக்க முடியாது.

புராணம் எப்போதும் ஒரே வரிசையில் வரும்.

"கண்டியில ஊரு நடுவுல ஏரி. ஏரியச் சுத்தி வெள்ளைச் சுவரு. சுவரு நெடுக முக்கோணம் முக்கோணமா ஓட்டை. அதுல மூஞ்சிய வச்சுப் பாத்தா ஏரி முச்சூடும் முக்கோணமாத் தெரியும். பொரி போட்டா மீனு கூட்டமா வந்து வாயத் தொறக்கும். சாயந்தரம் கோயில்ல மேளம் அடிச்சா மேட்டு வீடு வரைக்கும் கேக்கும். யானை ரோட்டுல நடந்து போகும், காரெல்லாம் நின்னு வழிவிடும்."

இதில் ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. "ஏரிக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?" என்று ஒருமுறை வாயைக் கிண்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அது தெரியாது. அம்புட்டுத்தான்" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கண்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர், தான் பிறந்த தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது கெடக்கு" என்பார். தேயிலை என்ற சொல்லே அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

ஒரு வருஷம் காலண்டருக்குக் கொடைக்கானல் ஏரிப் படம் போட்டிருந்தார்கள். நல்ல படம், நல்ல அச்சு. கண்டியம்மா ஒரு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஏரியா? எங்க கண்டி ஏரிக்கு உறை போடக் காணாது."

மெஷின் ஓட்டுகிற சுப்புராஜ் அண்ணன் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார். "அம்புட்டு நல்ல ஊர விட்டுட்டு இந்தக் கரிசக்காட்டுக்கு எதுக்கு வந்தீக?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தோம். கண்டியம்மா சுத்தியலை ஓங்கினார். தகரத்தில் விழ வேண்டிய அடி கட்டைவிரலில் விழுந்து, நகம் கறுத்து, ஒரு மாதத்துக்குப் பிறகு அது கழன்று விழுந்தது.

அதற்கும் முன்னால், எண்பத்து மூன்றில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, இலங்கையில் கலவரம் என்று டீக்கடை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. தெருவே கடை வாசலில் நின்று கேட்டது. கொழும்பு எரிகிறது என்றார்கள். கண்டியிலும் கடைகளைக் கொளுத்துகிறார்களாம் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், கண்டியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ரேடியோவை அணைத்துவிட்டார்.

"கண்டியில நடக்காது. எல்லாம் பொய்யி. கொழும்புல நடந்தாலும் நடக்கும், கண்டியில நடக்காது."

சொன்னாரே தவிர, அந்த ஆடி மாதம் முழுக்க ஈரச்சேலையோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றினார். சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. "அங்கன உங்களுக்கு யாரு இருக்கா?" என்று என் அம்மா கேட்டதற்கு, "ஊரு இருக்குல்ல" என்று மட்டும் சொன்னார். பிறந்த நாட்டின் மேல் இப்படியும் ஒரு பைத்தியமா என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவர் காதில் விழும்படிதான் பேசினோம்.

பொங்கல் கழிந்தால் அச்சாபீசில் வேலை படுத்துவிடும். காலண்டர் எல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கும். அப்போது சுப்புராஜ் அண்ணன் வருஷா வருஷம் டூர் சீட்டுப் பிரித்து எங்களைக் கூட்டிப்போவார். குருவாயூர், கன்னியாகுமரி, மைசூர் என்று சுற்றி முடித்திருந்தோம். இலங்கையில் சண்டை நிறுத்தம் வந்து, மதுரை ஏஜென்ட் ஒருவர் மலிவாகக் கூட்டிப்போகிறார் என்று தெரிந்ததும் அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"வழிகாட்டி நம்ம கையிலயே இருக்கு. கண்டியம்மா கூட வந்தா கைடே வேண்டாம்ல?"

தெருவே சந்தோஷப்பட்டது. கண்டியம்மாவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. எனக்கு உடம்புக்கு ஆகாது என்றார். மகனுக்குச் சமைக்க ஆளில்லை என்றார். ப்ளேனில் ஏறினால் மயக்கம் வரும் என்றார், அதற்கு முன் ப்ளேனைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. இத்தனை வருஷம் அந்த நாட்டுக்காக எங்களோடு மல்லுக்கட்டியவர் போகச் சொன்னால் பின்வாங்குகிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "போகப் பயந்தா இனிமே எங்ககிட்ட கண்டியப் பத்திப் பேசாதீக" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். மறுநாள் விடிந்ததும் வந்து, "என்னையும் சேத்துக்கோ தாயி. பாஸ்போட்டுக்கு எங்கன போகணும்?" என்றார்.

விமானத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் அரைக் கிலோ சாத்தூர் சேவு. யாருக்கு என்று கேட்டதற்கு, "வெறுங்கையோட போகலாமா?" என்றார்.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் பஸ். எங்களோடு வந்த கைடு ஒரு சின்னப் பையன், தமிழ்ப் பையன், நல்ல சிரித்த முகம். வழி நெடுக மைக்கில் பேசிக்கொண்டே வந்தான். சனங்கள் அவன் பேச்சைவிடக் கண்டியம்மாவின் வாயைத்தான் பார்த்தார்கள். "என்னம்மா, உங்க ஊரு வருது, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீக" என்று அண்ணன் பின்சீட்டிலிருந்து கூப்பிட்டார். கண்டியம்மா ஜன்னலைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு ஊரைப் பார்க்கிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார்.

கண்டிக்கு முந்தி பேராதனையில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. டூர் போகிறவர்கள் எல்லோரும் அங்கே இறங்கிப் பார்ப்பார்களாம். எங்களையும் இறக்கிவிட்டார்கள். கைடு பையன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் கண்டியம்மா சட்டென்று அவன் சட்டையைப் பிடித்தார்.

"பேராதனையா? இங்கன பக்கத்துல ரயில் ஸ்டேசன் இருக்கா தம்பி?"

"ஓம் அம்மா, கிட்டத்தான் இருக்கு. ஏன் அம்மா?"

"சும்மா கேட்டேன்."

மற்றவர்கள் ராட்சத மூங்கிலுக்கு அடியில் நின்று போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். கண்டியம்மா ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு நின்றார். நான் அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தேன். அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"எனக்கு மூத்தது ஒரு பொம்பளப் பிள்ள தாயி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். தும்மினால் கேட்கும். இப்படி ஒரு பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது.

தோட்டத்தில் கஷ்ட காலம். பிள்ளைகளை டவுன் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புவது அங்கே வழக்கமாம். ஒன்பது வயதுப் பிள்ளையைக் கண்டியில் ஒரு டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒரே ஒருமுறை பொங்கலுக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, கண்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசியிருக்கிறது. ஏரி, வெள்ளைச் சுவர், முக்கோண ஓட்டை, மீன், மேளம், யானை.

"நான் கண்டியப் பாத்ததே இல்ல தாயி. அம்புட்டும் அவ சொன்னது."

பிறகு இவர்களுக்கு இந்தியா போக நாள் குறித்து வந்திருக்கிறது. புருஷன் கண்டிக்குப் போய்ப் பிள்ளையைக் கேட்டிருக்கிறார். வீட்டில் விசேஷம், விருந்தாளி வருகிறார்கள், இப்போது அனுப்ப முடியாது என்றிருக்கிறார் நோனா, அந்த வீட்டு எஜமானியம்மா. நீங்கள் போகிற ரயில் பேராதனையில் நிற்கும்தானே, அன்றைக்கு நானே பிள்ளையைக் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ரயிலு இங்கன வந்து நின்னுச்சு. நான் சன்னல்ல தலைய விட்டுப் பாக்கேன். அவரு எறங்கி அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடுதாரு. பிள்ளையக் காணோம். வண்டி எடுத்துட்டான். எறங்குனா நாங்க எந்த நாட்டுக்கும் இல்ல. அவரு ஏறிட்டாரு. நானும் எறங்கல. மடியில இவன் இருந்தான்."

போய்ச் சேர்ந்ததும் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்கள். கடுதாசி போட்டதற்குப் பதில் வரவில்லை. புருஷனும் காலமானார். அப்புறம் அந்த நாட்டில் சண்டை.

"இத்தனை வருஷம் ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"பிள்ளைய விட்டுட்டுக் கப்பலேறுனவள்னு சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல ஊரு நல்ல ஊருன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் உசிரோட இருந்தேன். ஊரு நல்லதா இருந்தா பிள்ள நல்லா இருக்கும்ல? இன்னைக்கு அந்த வீட்டக் கண்டுபிடிச்சுரணும் தாயி. ஒருதரம் பாத்தாப் போதும். கூட வான்னு கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல."

அவரை நாங்கள் கேலி செய்த ஒவ்வொரு நாளும் எனக்கு ஞாபகம் வந்தது. அழுகை முட்டியது. ஆனால் அழ நேரமில்லை, கண்டியில் எங்களுக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு மத்தியானம்.

மற்றவர்கள் புத்தர் பல் இருக்கிற தலதா கோயிலுக்குள் போனதும் கைடு பையனை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "டாக்டர் வீடு எண்டா தேடலாம் அக்கா" என்றான். ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கிற பழைய டாக்டர் வீடு என்று இரண்டு கடைகளில் விசாரித்தான். இரண்டாவது கடைக்கார முதியவர் கையை நீட்டி வழி காட்டினார். டாக்டர் இல்லை, அந்த அம்மா மட்டும் இருக்கிறார் என்றார். மேடு ஏறும்போது கண்டியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தாங்கிப் பிடிக்கப் போனேன், கையை உதறிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

வராந்தாவில் நாற்காலியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். பஞ்சு போல முடி, கால்கள் வீங்கியிருந்தன. பையன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். கிழவி கண்டியம்மாவை வெகு நேரம் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மெதுவாக, நின்று நின்று, நீளமாகப் பேசினார். நடுவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை கையை எடுத்துக் கும்பிடவும் செய்தார். கண்டியம்மா வாசல்படியில் நின்று, சேவுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

கிழவி முடித்ததும் பையன் எங்கள் பக்கம் திரும்பினான். எச்சிலை விழுங்கிவிட்டுச் சிரித்தான்.

"உங்கட மகள் நல்லா இருந்தாவாம் அம்மா. அண்டைக்கு ஸ்டேஷனுக்கு வரப் பிந்திப் போச்சாம். பிறகு இவங்களே வளத்து, படிக்க வச்சு, கலியாணமும் கட்டிக் குடுத்தவங்களாம். இப்ப மாப்பிளையோட கனடாவில இருக்கிறாவாம். அட்ரஸ்தான் இவங்களிட்ட இல்லையாம்."

எனக்குச் சந்தோஷத்தில் உடம்பு புல்லரித்தது. கிழவி அழுதுகொண்டு சொன்ன செய்தியை இவன் ஏன் சிரித்துக்கொண்டு சொல்கிறான் என்று ஒரு கணம் தோன்றியது. வயதானவர்களுக்கு எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கண்டியம்மா பையனின் கன்னத்தைத் தொட்டார். "நல்லா இரு ராசா" என்றார். பிறகு படியேறிப் போய்ச் சேவுப் பொட்டலத்தைக் கிழவியின் மடியில் வைத்தார். கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண்டியம்மா பொறுமையாக நின்று, அந்தப் பிடி தானாகத் தளர்ந்த பிறகு இறங்கி வந்தார்.

ஏரிக்கரைக்கு வந்தோம். நல்ல செய்தியை மற்றவர்களிடம் சொல்லப் பையன் முன்னால் ஓடிவிட்டான். வெள்ளைச் சுவர் இருந்தது. முக்கோண ஓட்டைகளும் இருந்தன. அவை என் இடுப்புக்கும் கீழே இருந்தன. கண்டியம்மா சுவரோரம் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு ஓட்டையில் முகத்தை வைத்துப் பார்த்தார். "இம்புட்டு உயரந்தான் இருந்தா" என்றார். எழுந்திருக்கவில்லை. அப்படியே என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பையன் சொன்னது ஒண்ணும் நெசமில்ல தாயி."

"என்னம்மா சொல்றீக?"

"சிங்களம் என் வாயில வராது. காதுல இருக்கு. அது எப்பிடி மறக்கும்? வண்டி போனப்பறம் பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்காக. ஸ்டேசன விட்டு வரமாட்டேன்னு தூணக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. தூக்கிட்டுப் போயிருக்காக. அந்த மழைக்காலத்துலயே காய்ச்சல். ஆசுபத்திரியில வச்சுப் போயிட்டாளாம்."

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டூர் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நான் பேசுன அம்புட்டு வருசமும் அவ இல்ல" என்றார் கண்டியம்மா. "கலவரத்தப்ப ஈரச்சேலையோட சுத்துனேனே, அப்பவும் அவ இல்ல. யாருக்காகச் சுத்துனேன்?"

"அவன் பொய் சொன்னான்னு தெரிஞ்சும் ஏம்மா சும்மா வந்தீக?"

"அவன் மூஞ்சியப் பாத்தியா? நான் அழுதுரக் கூடாதேன்னு எம்புட்டுப் பாடுபட்டான். அவனப் போய்ப் பொய்யனாக்கவா?"

பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் கை தட்டினார்கள். சுப்புராஜ் அண்ணன் கறுப்பு அல்வா மாதிரி ஒரு இனிப்பை வாங்கிவந்து, "மக கனடாவுல இருக்கா, சாதாரண விசயமா? உங்க கையால குடுங்க" என்று நீட்டினார். கண்டியம்மா ஒவ்வொரு சீட்டாகப் போய்க் கொடுத்தார். யாரும் அவரைப் பிள்ளையை விட்டுவந்தவள் என்று சொல்லவில்லை. பெண்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அதையும் நான் மென்று விழுங்கினேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு கண்டியம்மா கண்டியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். கனடா தொடங்கிவிட்டது. மகள் எங்கிருந்தோ நம்பர் வாங்கிப் போன் பண்ணினாள் என்றார். அங்கே பனி முழங்கால் உயரம் கொட்டுமாம், வீட்டுக்குள் அனல் வைத்துக் கதகதப்பாக வைத்திருப்பார்களாம், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் போகிறார்களாம். அச்சாபீசில் பனி விழுகிற படம் ஏதாவது வந்தால் பழுதான தாள் ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிப்போவார். கனடாவில் குளிர் தாங்காமல் ஆட்கள் செத்துப்போகிறார்களாம் என்று அண்ணன் ஒருநாள் வாயை விட்டுவிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் கேட்டேன். "எதுக்கும்மா இது? என்கிட்டயுமா நடிக்கணும்?"

"உன்கிட்ட எங்க நடிச்சேன்?" என்றார். தகரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இம்புட்டு நாளு கண்டியில வச்சிருந்தேன். அங்கன இல்லன்னு ஆயிப்போச்சு. எங்கயாவது இருந்துட்டுப் போகட்டும் தாயி. எனக்கப்புறம் அவள வச்சிருக்க யாரு இருக்கா?"

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பேரப்பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று நானும் மற்றவர்களைப் போலக் கேட்கப் பழகிக்கொண்டேன். பெரியவன் நன்றாகப் படிக்கிறான், சின்னவள்தான் சேட்டை என்று பதில் சொல்வார்.

சில வருஷம் போயிற்று. அவருக்கு மூச்சுத்திணறல் இருந்தது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. கம்பெனி வேன்களில் ஏறப்போனவர்கள் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். தம்பி ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா அவனிடமும் கனடாவைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

"மக வராம எடுக்கக்கூடாது" என்று தெரு ஒரே முடிவாகச் சொன்னது. ஐஸ் பெட்டி வந்தது. சுப்புராஜ் அண்ணன் என்னிடம் வந்து, "உனக்குத்தான் எல்லாம் தெரியும், நம்பரக் குடும்மா, நான் பேசுதேன்" என்றார். நம்பர் தெரியாது என்றேன். அம்மாவின் செல்போனைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். வெளிநாட்டு நம்பர் ஒன்றும் இல்லை. எப்படியாவது தகவல் போய்ச் சேர்ந்து வந்துவிடுவாள் என்று ஒரு பகலும் ஒரு இரவும் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அத்தனை பாடுபட்டு மகளுக்குக் கட்டிக்கொடுத்த கனடா வீட்டை நான் எப்படி இடிப்பது?

மறுநாள் வெயில் ஏறியதும் பெண்களுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"என்ன நெஞ்சுடி அது? பெத்தவ வாய்க்கு ஒரு பிடி அரிசி போட வரலையே."

"நாலு காசு வந்துட்டா தாயாவது, பிள்ளையாவது."

"வாய் ஓயாம மக மகன்னு கெடந்தாளே பாவி. அவ நல்லா இருப்பாளா? நாசமாத்தான் போவா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"அந்தப் பிள்ளைய வையாதீக" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அது கனடாவுல இல்ல. அது சின்ன வயசுலயே, இவுக கப்பலேறுன வருசமே செத்துப்போச்சு. அம்மாவத் தேடி ஸ்டேசன்ல நின்ன பிள்ள அது."

எல்லாவற்றையும் சொன்னேன். பேராதனையை, வராந்தாக் கிழவியை, கைடு பையனை. நாசமாய்ப் போவாள் என்று சொன்னவர் தன் வாயிலேயே படார் படார் என்று அடித்துக்கொண்டார். சுப்புராஜ் அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். முந்தின நாளோடு அழுது ஓய்ந்திருந்த பெண்கள் மறுபடியும் கைகோத்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். இந்தமுறை அவர்கள் அழுதது, எங்களில் யாருமே பார்த்திராத ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்காக.

அதற்குப் பிறகு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. சாயங்காலம் எடுத்தோம். வாய்க்கரிசி போடத் தம்பியைக் கூப்பிட்டார்கள். ஒரு பிடி அரிசி எடுத்துப் போட்டான். அடுத்த ஆளுக்கு வழிவிடச் சொல்லித் தோளைத் தொட்டார்கள். அவன் நகரவில்லை. குனிந்து இன்னொரு பிடி எடுத்தான்.

"இது அக்கா போடுறது" என்றான்.